கழற்றாமல் விட்ட வயர்

எஸ்டேட் ஷெட்டில் அவர் இருக்கும்போது 'சும்மா' என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. "சும்மாவே ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க", "சும்மா ஒரு தடவை மாத்திப் பாருங்களேன்" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார். ஸ்பேனராக இருந்தால் சிமெண்டுத் தரையில் விழுந்து ஷெட்டே அதிரும்.

"சும்மா எதுவும் நிக்காது. மேலுக்குச் சொகமில்லன்னு லீவு போட அது என்னா ஒன்ன மாதிரி மனுசனா? காரணம் இருக்கு. போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு. வெளங்குதா?"

விளங்காவிட்டாலும் விளங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

நடுவட்டத்துக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆம்புலன்ஸ் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே மெக்கானிக். குள்ளமான ஆள். கோடை மழை என்ற பேதமில்லாமல் ஒரே குரங்குக் குல்லாய், முழங்கையில் நூல் பிரிந்த ஒரே ஸ்வெட்டர். உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்து நக்கிக்கொண்டே பால் விடாத டீயைக் குடிப்பார். இலங்கையிலிருந்து வந்தவர். நாங்கள் ஃபேக்டரி என்பதை அவர் இஸ்டோரு என்பார், வண்டி என்றால் வாகனம். மேனேஜரை முகத்துக்கு நேரே தொரை என்பார். ஆனால் அதை அவர் சொல்லும் விதத்தில் மரியாதை கொஞ்சமும் இருக்காது.

இலங்கைக் கதையை அவர் ஆசையாகச் சொல்லிக் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை, கோபத்தில் வந்தது. டூட்டி போர்டில் அவர் பேருக்கு நேராக யாரோ 'ஹெல்பர்' என்று எழுதிவிட்டார்கள். சாக்பீஸைப் பிடுங்கி அதை அடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "கப்பல விட்டு எறங்குன அன்னைக்கு முகாம்ல ஒருத்தன் என்னயப் பாக்காமலே கூலின்னு எழுதுனான். மெக்கானிக்குன்னு எழுதுங்கையான்னேன். எல்லாம் ஒண்ணுதான்னான். ஒண்ணா? அவஞ் சட்டயப் புடிச்சிட்டேன். ரெண்டு நாளு சோறு குடுக்கல. ஆனா மெக்கானிக்குன்னு எழுத வச்சேன். மொகத்தப் பாக்காம எழுதுறானுக, வாகனத்தத் திறந்து பாக்காமலே சாமானப் பூட்டுறானுக. எல்லாரும் ஒரே சாதிப் பயலுக."

அவருடைய எல்லாக் கோபமும் அந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்பியது. பார்க்காமல் முடிவு கட்டுகிறவர்களை அவரால் தாங்க முடியாது.

எனக்கு அவர் மேல் அப்போதே எரிச்சல்தான். யாருக்குத்தான் இருக்காது? நாற்பது பேர் முன்னால் திட்டுவார். ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தாலும் "ஒஞ் சம்சாரத்துக்கும் இப்பிடித்தான் அரவயிறு கஞ்சி ஊத்துறியா" என்பார். அதே ஆள், நான் டைபாய்டில் படுத்திருந்தபோது தினமும் காலையில் என் வேனை அவரே கழுவி வைத்தார் என்பது நான் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. நன்றி சொல்லப் போனதற்கும் திட்டு விழுந்தது. "வாகனத்துக்குக் கழுவுனேன். ஒனக்கா கழுவுனேன்?"

வேன் அப்போது புதிது. டீசல் வண்டி. குளிரில் இன்ஜின் எளிதில் பிடிக்காது என்பதால் அதற்குள் போகிற காற்றைச் சூடாக்க ஒரு ஹீட்டர் வைத்திருந்தார்கள். காற்று போகும் குழாய்க்குள் கம்பி வலை போல ஒன்று. சாவியைப் பாதி திருப்பினால் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே வலை பழுக்கும். விளக்கு அணைந்ததும் முழுதாகத் திருப்பினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது குளிர்காலத்தில் வண்டி காலையில் தகராறு செய்ய ஆரம்பித்தது. வெள்ளைப் புகையாகக் கக்கும், இருமும், நின்றுவிடும். லாரி டிரைவர்கள் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பம்பைக் கழற்றச் சொன்னான் ஒருவன்.

"ஹீட்டர் வேலை செய்யுதுங்கண்ணா. வெளக்கு எரியுதே" என்றேன் நான்.

ஸ்பேனர் விழுந்தது.

"வெளக்கு என்னா சொல்லுது? உள்ள இருக்கிற பொட்டி உத்தரவு போட்டுருச்சுன்னு சொல்லுது. உத்தரவு போட்டா வேல நடந்துருச்சா? ஆபீசுல தெனம் உத்தரவு போடுறானே, நடக்குதா? சாவியத் திருப்பு. கூரையில இருக்கிற உள்லைட்டப் பாரு. ஹீட்டரு கரண்டு இழுத்தா அந்த லைட்டு மங்கணும். மங்குதா?"

மங்கவில்லை.

மீட்டரை எடுத்து வந்து வைத்தார். பேட்டரியிலிருந்து வரும் பக்கம் கரண்டு முழுசாக இருந்தது. ஹீட்டருக்குப் போகிற பக்கம் ஒன்றும் இல்லை. நடுவில் இருந்தது கரண்டைச் சேர்த்தும் பிரித்தும் விடுகிற, உள்ளங்கை அளவு ரிலே. 'டக்' என்று சத்தம் மட்டும் கொடுத்தது. கழற்றிப் பிரித்தால், உள்ளே ஒன்றை ஒன்று தொட வேண்டிய இரண்டு செம்புத் தகடுகளும் அடிப்பிடித்த சட்டி போலக் கருகிக் கிடந்தன. வேறு யாராக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். அவர் மத்தியானம் வரை வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். ரிலே ஏன் கருகியது என்று தெரிய வேண்டும் அவருக்கு. பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் வயரின் நட்டுக்கடியில் துரு. அதனால் கரண்டு குறைந்து ரிலே படபடவென்று அடித்துக்கொண்டு கருகியிருக்கிறது. துருவைச் சுரண்டி, நட்டை முறுக்கி, தகடுகளை எமரித் தாளில் தேய்த்து மாட்டினார். வண்டி முதல் திருப்பலில் பிடித்தது.

"இது தாங்காது. புது ரிலே வேணும்" என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார்.

வரவில்லை. மார்கழியில் மறுபடி கருகியது. மறுபடி தேய்த்தார், மறுபடி எழுதினார். மூன்றாவது தடவை தேய்க்க அதில் தகடே மிச்சமில்லை. ஒரு நாள் தொடும், நாலு நாள் தொடாது. மூன்றாவதாகவும் எழுதினார். அதற்குப் பதிலாக ஆபீசிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஸ்ப்ரே டப்பாக்கள். காற்று போகும் வாயில் அடித்தால் எந்தக் குளிரிலும் இன்ஜின் குப்பென்று பிடிக்கும், பழைய லாரிகளுக்கு எல்லோரும் அடிப்பதுதான்.

அன்றைக்கு அவர் போட்ட சத்தம் ஃபேக்டரி வரை கேட்டது. டிரைவர்கள் ஐந்து பேரையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டார். ஏதோ ஒரு பழைய ஹீட்டர் வலையை வைஸில் இறுக்கி வைத்து பேட்டரியில் கொடுத்தார். அது செக்கச்செவேலென்று பழுத்தது. ஒரு நீளக் குச்சி முனையில் துணியைச் சுற்றி, துணியில் ஸ்ப்ரேயை அடித்து, எட்ட நின்று கிட்டே நீட்டினார். தொடக்கூட இல்லை. புஸ்ஸென்று ஒரு தீ எழும்பி மேலே தகரத்தைத் தொட்டது.

"பழைய லாரிக்கு அடி. இந்த வேனுக்கு அடிச்சா செத்த. உள்ள ஹீட்டரு இருக்கு. வெளங்குதா?"

எங்களில் ஒருவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு விளங்கியது. அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நன்றாகவே விளங்கியது.

தை மாதம். டிஸ்பென்சரி ஒரு பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்ய வழியில்லை. அந்த விடிகாலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெள்ளையாகக் கிடந்தது. கொழுந்து பறிக்கும் சரோஜாவுக்குப் பிரசவ வலி. முதல் பிள்ளை.

நர்ஸம்மா வெளியே ஓடி வந்தார். "கொழந்தைக்குக் காலு முன்னால வருதுங்க. இங்க ஆகாது. கூடலூருக்குக் கொண்டு போயிருங்க, இப்பவே."

சாவியைத் திருப்பினேன். புகை. மறுபடி. புகை. மெக்கானிக்கைக் கூப்பிட ஒருவரை அனுப்பினோம், ஆனால் அவர் குடியிருந்த லயம் அடுத்த டிவிஷனில், போய்க் கூட்டி வர அரை மணி ஆகும். பானட்டைத் தூக்கி ரிலேயை ஸ்பேனரால் தட்டினேன். கால் மணி நேரம் போனது, ஒன்றும் ஆகவில்லை. உள்லைட் மங்கவே இல்லை. ஹீட்டர் செத்துக் கிடக்கிறது, செத்ததற்கு என்ன பயம் என்று நினைத்தேன். பின்னால் ஸ்ட்ரெச்சரில் சரோஜா கத்திய கத்தலில் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

சரோஜாவின் புருஷனைச் சீட்டில் உட்கார வைத்து, "நான் சொல்றப்ப திருப்புங்க" என்றேன். டப்பாவை எடுத்து வந்து காற்று போகும் வாயில் அடித்தேன். "திருப்புங்க!"

இன்ஜின் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் ரிலேயின் தகடுகள் தொட்டிருக்க வேண்டும். பக்கத்துக் கண்ணாடி வழியே உள்லைட் மங்கியதை நான் பார்த்தேன். கையை இழுக்க நேரமில்லை.

வெடித்த சத்தம் எனக்கு ஞாபகமில்லை. புல்லில் உருண்டது ஞாபகம். சட்டைக் கை எரிந்தது. யாரோ மேலே விழுந்து அழுத்தினார்கள். கண்ணைத் திறந்தால் அவர்தான், ஸ்வெட்டரைக் கழற்றி என் கையைச் சுற்றிப் பிடித்திருந்தார். ஓடி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அப்போதும் திட்டிக்கொண்டே இருந்தார்.

கொழுந்து லாரி வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. சரோஜாவையும் என்னையும் அதில்தான் ஏற்றினார்கள். கூடலூருக்கு இறங்கும் வளைவு ஒன்றில் குழந்தை பிறந்தது. அழவில்லை. நர்ஸம்மா அதன் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை தட்டினார்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழமில்லை, ரொட்டியில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எத்தன தடவ சொன்னேன்? பத்த வச்சே காட்டுனேன்லடா! கண்ணு இருந்துச்சா இல்லியா ஒனக்கு?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அங்கிருந்த நர்ஸ் வெளியே போகச் சொன்னாள். போனார். ஆனால் ஊருக்குத் திரும்பாமல், கடைசி பஸ் வரை வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார் என்று என் மனைவி அப்புறம் சொன்னாள். "ஒரு டீ கூடக் குடிக்கலைங்க. கட்டு மாத்தறப்ப நீங்க கத்துனீங்கல்ல, எந்திரிச்சுப் போய் செவுத்தப் பாத்து நின்னுட்டாருங்க."

எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பு நின்றுபோயிருந்தது. பெண்கள் ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தையின் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். ஆபீசுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

நான்காம் நாள் ஹெட் கிளார்க் ஒரு டைப் அடித்த தாளோடு வந்தார். 'வேனில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்று மெக்கானிக் என்னிடம் சொல்லவில்லை' என்று அதில் இருந்தது. படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

"இதுல கையெழுத்து வெச்சுட்டா வைத்தியமெல்லாம் எஸ்டேட் பாத்துக்கும். இல்லீன்னா டிரைவரோட கவனக்குறைவுன்னு ஆயிருமுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

வலது கை முழுதும் கட்டு. "அதுக்கென்ன, எடது கை ரேக போதும்" என்று மை டப்பாவைத் திறந்தார். தயாராகக் கொண்டு வந்திருந்தார். என் மனைவி இரண்டு பிள்ளைகளோடு கால்மாட்டில் நின்றிருந்தாள். பத்தாவது வரை படித்தவன் நான். கைநாட்டு வைத்தேன்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஆபீஸ் ஹாலில் மேஜை போட்டிருந்தது. கட்டுப் போட்ட கையோடு என்னையும் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் நின்றார்கள், சரோஜாவின் புருஷனும் நின்றான். அதிகாரி தாளை வாசித்து முடித்ததும் மெக்கானிக் அதை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் இருந்த மைக்கறையைத்தான் பார்த்தார்.

"இவனுக்கு எழுதத் தெரியும். டிரிப் சீட்டுல இவங் கையெழுத்து மாதிரி அழகா இந்தத் தோட்டத்துல எவனுக்கும் இல்ல. இதென்னா பெருவெரலு? இத எழுதுனது எவன்?"

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். ஹெட் கிளார்க் ஃபைலைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன்.

"அவரு சொன்னாருங்க. பத்த வெச்சே காட்டுனாருங்க. ரிலே வேணும்னு மூணு தடவ எழுதியும் குடுத்தாரு. அந்தத் தாள் இவங்களே அடிச்சுக் கொண்டாந்தது."

ஜன்னலுக்கு வெளியே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அத்தோடு முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் இதை நான் எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஆனால் அவர் என் பக்கம் திரும்பினார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"அப்ப ஏண்டா அடிச்ச?"

நான் அவருக்காகத்தான் எழுந்து நின்றிருந்தேன். வேலையை, வைத்தியத்தை, எல்லாவற்றையும் பணயம் வைத்து நின்றிருந்தேன். இந்த ஆளுக்கு அப்போதும் அதுதான் கேள்வி.

"வண்டிக்குள்ள ஒரு பொம்பள செத்துட்டு இருந்துச்சுங்கண்ணா! நான் என்ன பண்ணோணும்? உங்களுக்குத் தெரியுமில்ல, ஹீட்டரு பாதி செத்துக் கெடக்குதுன்னு? ஒரு நட்டுத்தான? வயரக் கழட்டி உட்டிருந்தா எங் கை வெந்திருக்குமா? நீங்க ஏன் கழட்டலீங்க?"

"கழட்டுனா நீங்க தெனம் ஸ்ப்ரே அடிப்பீங்க! இவனுக சாவுற வரைக்கும் ரிலே வாங்க மாட்டானுக! அதுக்குத்தான்டா கழட்டல!"

இரண்டு பேரும் மேஜைக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தோம். அதிகாரி பேனாவை எடுத்தார். அதுவரை எதையும் எழுதாதவர் இப்போது எழுதினார். எழுதிவிட்டு அமைதியாகக் கேட்டார்: "ஆபத்துன்னு தெரிஞ்சும் இணைப்பைத் துண்டிக்காமல் வெச்சிருந்தீங்க. அப்படித்தானே?"

"ஆமா. ஆனா..."

"போதும்."

கைநாட்டு வாங்கியும் அவர்களால் செய்ய முடியாததை நான் என் வாயால் செய்து கொடுத்திருந்தேன். கைநாட்டுத் தாளை அதிகாரி மடித்து ஓரமாக வைத்துவிட்டார். அது இனி தேவையில்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலை போய், ஒரு வாரத்தில் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. கோபம் என்று சொல்லிக்கொண்டேன். வெட்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் போன பத்தாவது நாள் ரிலே வந்தது. ஊட்டியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனான்.

என் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் உட்கார வைத்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து நிலம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நாடுகாணி தாண்டும் முன்பே பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு லாரி. லாரிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. "சும்மா நின்னுருச்சா? சும்மா எப்படிய்யா நிக்கும்?" லாரிக்காரர் மலையாளத்தில் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இறங்கிப் போய் நின்றேன். அவர் வெளியே ஊர்ந்து வந்து எழுந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக என் வலது கையைப் பிடித்தார். கிரீஸ் கையால் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். மடங்காத விரலை விடாமல் திரும்பத் திரும்ப அழுத்தினார், எந்த இடத்தில் இறுகியிருக்கிறது என்று தேடுவதைப் போல. வலித்தது. நான் கையை இழுக்கவில்லை.

"கழட்டி விட்டிருக்கணும்" என்றார்.

அவர் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஒனக்குச் சொல்லாம, ஆபீசுக்குச் சொல்லாம, நாங் கழட்டி விட்டிருக்கணும். அந்தப் புள்ளையும்... ஸ்ப்ரே அடிச்சாவது வாகனம் கௌம்பிருக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரிலே வாங்கித் தராதவர்கள் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. டப்பாவை அனுப்பியவன் சொல்லவில்லை, தாளை டைப் அடித்தவன் சொல்லவில்லை. மேனேஜருக்குப் பெரிய எஸ்டேட்டாக மாற்றல் கிடைத்தது. இந்த ஒரு மனிதர் மட்டும் சாலையோரத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்.

"நீங்க எதுக்குங்க சொல்றீங்க?" என்று கத்தினேன். பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நீங்க சொல்லக் கூடாதுங்கண்ணா! மூணு தடவ எழுதிக் குடுத்தவரு நீங்க. உங்கள மாட்டி விட்டவன் நான். நீங்க சொன்னா அவனுக எல்லாம் நல்லவனுகன்னு ஆயிருமில்ல? சொல்லாதீங்க! இன்னொருக்கா அப்படிச் சொன்னீங்கன்னா..."

என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என் கையை விடவில்லை. லாரிக்காரரைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"கத்தாதடா" என்றார். "ஆளுக பாக்குறாங்க."

மறுபடி லாரிக்கு அடியில் ஊர்ந்து போனார். பஸ் சரியாகும் வரை நான் அவருடைய கால்களுக்குப் பக்கத்திலேயே, மண்ணில், உட்கார்ந்திருந்தேன்.